ஒரே சைக்கிளில் வரக் கண்டேன்

அடுத்தவர் வீட்டைப் பற்றி அவருடைய பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்துச் சம்பளம் வாங்கியவன் நான். பதவியின் பெயர் நன்னடத்தை அலுவலர். பெயரைப் பார்த்து என் நடத்தை நல்லது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மற்றவர்களுடைய நடத்தையை எடைபோடுவதுதான் வேலை. ஒருவன் குற்றவாளி என்று முடிவான பிறகு, அவனைச் சிறைக்கு அனுப்புவதா, ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவதா என்று கோர்ட் யோசித்தால் எங்களிடம் அறிக்கை கேட்கும். நாங்கள் அவன் ஊருக்குப் போய் விசாரித்து, எழுதி, உறையில் ஒட்டிக் கொடுப்போம். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து தொண்ணூறுகளின் கடைசிவரை, ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு சுற்றுவட்டாரம் முழுக்க இதைத்தான் செய்தேன்.

போன மாதம், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் அலுவலர்களிடம் இரண்டு மணி நேரம் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், சுத்தி வளைக்காம ஒரே வார்த்தைல சொல்லுங்க. ஜெயில்ல போட்டா ஆள் திருந்துவானா, மாட்டானா?"

"தெரியாதும்மா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். பிறகு அந்தப் பெண் தன் போனில் இப்போதைய விசாரணைப் படிவத்தைக் காட்டினாள். எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. 'பாதிக்கப்பட்டவரின் கருத்து' என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே சாதகம், பாதகம் என்று இரண்டு பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால் அடுத்த பக்கம் வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இரண்டு பொத்தான்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கும் பயிற்சி என்று ஒன்று கொடுத்தார்கள். சட்டம், மனோதத்துவம், சமூகம் என்று ஒரு வருடம் நோட்டு நோட்டாக எழுதினேன். வேலையில் சேர்ந்த முதல் மாதமே அந்த நோட்டுகள் பரணில் ஏறின. ஏற்றி வைக்கச் சொன்னவர் என் மேலதிகாரி தேவசகாயம்.

மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து பஸ்ஸில் வருவார். தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர். வெளியே காபி குடிக்க மாட்டார். யார் வாங்கிக் கொடுத்தது, எதற்கு வாங்கிக் கொடுத்தது என்று தெரியாமல் குடிக்கக் கூடாது என்பார். நாற்காலியைச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு என் அறிக்கைகளைப் பென்சிலும் கையுமாகப் படிப்பார். என் முதல் அறிக்கையில் 'எதிரி நல்லவர் என்று ஊரார் தெரிவித்தனர்' என்று எழுதியிருந்தேன். எதிரி என்பது கோர்ட் பாஷை. குற்றம் சாட்டப்பட்டவன் என்று பொருள். அந்த வரியில் நல்லவர் என்ற சொல்லை அடித்தார்.

"இது தகவல் இல்ல, வாழ்த்து. ஊரார்னா யாரு? எங்க நின்னு சொன்னான்? சொல்லும்போது பக்கத்துல யாரு நின்னா?"

அறிக்கை திரும்பி வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் எத்தனை தடவை திரும்பி வந்தது என்று சொன்னால் எனக்குத்தான் வெட்கம்.

அவர் வகுத்த முறை இதுதான். ஜீப் கூடாது, போலீஸ்காரர் துணை கூடாது. பஸ்ஸை விட்டு இறங்கி வாடகை சைக்கிள் எடுக்க வேண்டும். வருவதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. மூன்று பேரிடமாவது பேசியாக வேண்டும்: அவன் வெளியே இருந்தால் ஆதாயப்படுகிறவன் ஒருவன், அவன் வெளியே இருந்தால் கஷ்டப்படுகிறவன் ஒருவன், அவன் இருந்தால் என்ன போனால் என்ன என்று கிடப்பவன் ஒருவன். முதல் இரண்டு பேரும் வாசலிலேயே நிற்பார்கள். மூன்றாவது ஆளைத்தான் தேட வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் யாரும் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை. கடைசியாக, கண்டதைக் கண்டேன் என்று எழுது, கேட்டதைக் கேட்டேன் என்று எழுது, நினைத்ததை எழுதாதே. இதைச் சொல்லிவிட்டு வெந்நீரை ஒரு மடக்குக் குடித்து பிளாஸ்க்கை மூடுவார்.

பத்து வருடம் இப்படிப் போனால் மனுசன் எப்படி ஆவான்? சந்தேகப் பிராணி ஆவான். நானும் ஆனேன். எதிரில் வந்து ஒருவர் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார் என்று பார்ப்பேன். என் மனைவி சுவையாகக் குழம்பு வைத்தால், இன்று என்ன கேட்கப் போகிறாளோ என்று தட்டைப் பார்ப்பேன். அவளும் சளைத்தவள் இல்லை. "அறிக்கை எழுதிட்டுச் சாப்பிடுங்க" என்பாள்.

சிறையைப் பற்றியும் என் சந்தேகம் அப்படித்தான் வளர்ந்தது. வத்திராயிருப்புப் பக்கம் சுப்பையா என்று ஒருவன். கிணற்று மோட்டாரைக் கழற்றிச் செம்புக் கம்பியை உருவி விற்பான். மூன்று முறை உள்ளே போனான். முதல் முறை போவதற்கு முன் என் முன்னால் நிமிர்ந்து நின்று, மோட்டார் என்றால் என்ன என்று கேட்டவன் அவன். திரும்பி வந்தபோது கையைக் கட்டி, தலையைக் குனிந்து, "திருந்திட்டேன் சார்" என்றான். நிமிர்ந்து பொய் சொன்னவனுக்குக் குனிந்து பொய் சொல்ல வந்துவிட்டது. நானறிய உள்ளே அவன் படித்தது இது ஒன்றுதான். மூன்றாவது முறை அவன் வாயைத் திறப்பதற்குள் நானே, "திருந்திட்டே, அதானே?" என்றேன். "ஆமா சார்" என்று சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்படியானால் சிறை வீண் என்று எழுதிவிட்டுப் போகலாமா என்றால், இராஜபாளையத்தில் ஒரு மில் தொழிலாளியின் மனைவி ஞாபகத்துக்கு வருகிறாள். அடித்துக் கையை ஒடித்ததற்காகப் புருசன் உள்ளே இருந்தான். வெளியே வரும் நாள் நெருங்கியது. விசாரிக்கப் போன என்னிடம் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள் சேத்து உள்ள வச்சிருக்கச் சொல்லுங்க சார். எங்க வீட்டுப் பிள்ளைக இப்பத்தான் வாய்விட்டுச் சிரிக்குதுக."

அவன் திருந்துவானா மாட்டானா என்பது அவள் கேள்வியே இல்லை. அவன் இல்லாத வீடு அவளுக்கு வேண்டியிருந்தது. அதைச் சிறை கொடுத்தது. அதனால், சிறைதான் மருந்து என்பவரையும் நான் நம்புவதில்லை, சிறையை மூடிவிடலாம் என்று மேடையில் பேசுகிறவரையும் நம்புவதில்லை.

இவ்வளவு சந்தேகப்பட்டவன், சந்தேகப்பட்டே ஒரு காரியத்தைக் கெடுத்தேன். அதைத்தான் போன மாதம் கேள்வி கேட்ட பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதி. செட்டியார்பட்டியிலிருந்து இரண்டு மைல் தள்ளி, மெயின் ரோட்டைத் தாண்டினால் ஒரு பேண்டேஜ் துணி ஷெட். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் வலைத்துணியைத் தறியில் ஓட்டி, வெட்டி, சுருட்டிக் கட்டுவார்கள். மாரியப்பன் அங்கே தறி ஓட்டுபவன். இருபத்தேழு வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. ஒரு நாள் பகல் ஷிப்டில் பக்கத்துத் தறிக்காரனோடு வாய்த்தகராறு முற்றி, கையில் இருந்த நாடாவை அவன்மேல் எறிந்துவிட்டான். நாடா என்பது தறியில் குறுக்கே ஓடும் மரக்கட்டை. இரண்டு முனையிலும் கூராக இரும்பு இருக்கும். தறிக்காரன் குனிந்துகொண்டான். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்த பாக்கியத்தின் வலது கண்ணில் போய் அடித்தது.

பாக்கியத்துக்கு முப்பது வயது. இடது கண்ணில் சின்ன வயதிலேயே பூ விழுந்திருந்தது. அதனாலேயே கல்யாணம் தட்டிப்போய், அண்ணன் வீட்டில் இருந்தாள். ஆக, பார்த்துக்கொண்டிருந்த கண் போனது. மிச்சக் கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். நூல் சுற்ற முடியாது என்பதால் ஷெட் முதலாளி அவளைப் பேண்டேஜ் சுருட்டும் வேலையில் போட்டார். அதற்குக் கண் வேண்டாம், கை போதும்.

மாரியப்பன் கோர்ட்டில் மறுக்கவே இல்லை. "நான்தான் எறிஞ்சேன். அவியள நெனச்சு எறியல" என்றான். முதல் குற்றம். ஜாமீனில் இருந்தான். சிறையா, வீடா என்று என்னிடம் அறிக்கை கேட்டார்கள். நான் விசாரித்தபோதும் அவன் அதையேதான் சொன்னான், வேறெதுவும் சொல்லவில்லை.

முதலில் ஆதாயப்படுகிறவர். ஷெட் முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னைப் பார்த்ததும் "ரண்டி, ரண்டி" என்று வரவேற்று, நாற்காலியை இழுத்துப் போட்டுக் காபிக்குச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

"மாரியப்பன் கோபக்காரன்தான் சார். ஆனா கை சுத்தம். அவன மாதிரி தறி ஓட்ட ஆள் கெடையாது" என்றார்.

ஷெட்டில் நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு பேரும், "கோபக்காரன்தான் சார், ஆனா கை சுத்தம்" என்றார்கள். ஊருக்குள் டீக்கடையில் கேட்டேன். அங்கேயும் அதே கோபக்காரன், அதே கை. ஒரே வாக்கியத்தை ஆறு வாயிலிருந்து கேட்டால் எனக்கு மூக்கில் வேர்க்கும். முதலாளி சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அந்த ஊரில் எல்லோரும் ஒருவனைப் பற்றி அதே வார்த்தையில்தான் வருசக் கணக்காகப் பேசுவார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்து கஷ்டப்படுகிறவர்கள். பாக்கியத்தின் அண்ணன் முனியாண்டி நூல் மில்லில் காலை ஷிப்ட் பார்ப்பவன். சாயங்காலம் அவன் இருக்கும்போதுதான் அந்த வீட்டுக்குப் போனேன். அது தப்பு. பாதிக்கப்பட்டவரைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று விட்டுவிட்டேன்.

"அஞ்சு வருசம் உள்ள கெடக்கணும் சார் அவன். என் தங்கச்சிக்கு இருந்ததே ஒரு கண்ணு" என்றான் முனியாண்டி. அவன் குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை.

பாக்கியம் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். "நீ என்னம்மா சொல்றே?" என்றேன்.

"அவன உள்ள போட வேண்டாம் சார்."

"ஏன்?"

அவள் கதவு விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வேலைக்கு எப்படிம்மா போறே?"

"போறேன்."

அவ்வளவுதான். முனியாண்டி தெருவைப் பார்த்தான். அவளும் ஏதோ பார்ப்பதுபோல் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதையோ மறைக்கிறார்கள் என்று புரிந்தது. அதுவரை நான் நினைத்தது சரிதான்.

மூன்றாவது ஆள் செல்லையா. மெயின் ரோட்டு முக்கில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் வாடகை சைக்கிள் எடுப்பதே அவரிடம்தான். பஞ்சர் ஒட்டிக்கொண்டே பேசினார்.

"அவன் இருந்தா எனக்கென்ன சார், போனா எனக்கென்ன. கண்ணு போச்சுங்கியள்ல, அந்தப் புள்ள, அது தெனம் அவன் கேரியர்லதான் போவுது, வருது. என்ன ஒறவோ, நான் கண்டனா."

சொல்லிவிட்டு டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் அந்தக் கடைக்குள் நின்றேன். மாரியப்பன் வந்தான். பின்னால் கேரியரில் பாக்கியம் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குச்சட்டி, ஒரு கை சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்திருந்தது. கடையைத் தாண்டியதும் ஓடைப் பாலத்து மேடு. அவன் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தான். முதுகுச் சட்டை நனைந்திருந்தது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. என்னிடமிருந்து ஆறடி தூரத்தில் போனார்கள்.

கூப்பிட்டிருக்கலாம். "ஏய் மாரியப்பா, நில்லு" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். கூப்பிட்டால் ஒத்திகை பார்த்த பதில்தான் வரும், கண்டது கண்டதாக இருக்கட்டும் என்று கடைக்குள்ளேயே நின்றேன். எங்கள் தொழில் செய்கிறவன் மட்டும் செய்யக்கூடிய மடத்தனம் இது. வேறு யாராக இருந்தாலும் கூப்பிட்டுக் கேட்டிருப்பான்.

அறிக்கையில் எழுதினேன்: 'பாதிக்கப்பட்டவரும் எதிரியும் ஒரே சைக்கிளில் வரக் கண்டேன். விசாரணையில் இருவரும் அதுபற்றித் தெரிவிக்கவில்லை. பாதிக்கப்பட்டவரின் கருத்து சுதந்திரமாகத் தெரிவிக்கப்பட்டதாகத் தோன்றவில்லை.' அந்தப் பெண்ணை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள், அல்லது மிரட்டி வைத்திருக்கிறார்கள், அல்லது இவர்களுக்குள் வேறு ஏதோ இருக்கிறது. எதுவாக இருந்தாலும் அவள் பேச்சை நம்ப வேண்டாம் என்று நான் நாசூக்காகச் சொன்ன விதம் அது.

தேவசகாயம் மூன்றாவது வரிக்கு மேலே பென்சிலை நிறுத்தினார்.

"இது கண்டதா, நெனச்சதா?"

"முதல் ரெண்டு வரியிலேருந்து வருது சார்."

அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு பென்சிலைப் பைக்குள் போட்டார். ஒரு திருத்தமும் இல்லாமல் அவர் விட்ட முதல் அறிக்கை அது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இன்று நினைத்தால் கூசுகிறது.

பதினெட்டு மாதம் கடுங்காவல் என்று தீர்ப்பானது. நான் கோர்ட்டில் இருந்தேன். மாரியப்பன் முகத்தில் பயத்தைக் காணோம். மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான். அதையும் நான் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

ஆறு வாரம் கழித்து பாக்கியம் என் அலுவலகத்துக்கு வந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்.

"நான்தான் வேண்டாம்னேனே சார். அவன எதுக்கு உள்ள போட்டிய?"

"அது கோர்ட் முடிவும்மா" என்றேன். அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

"எனக்கு ரோட்டத் தாண்ட முடியல சார். லாரி எந்தப் பக்கம் வருதுன்னு பிடிபட மாட்டேங்கு. அவன்தான் கூட்டிட்டுப் போனான். நான்தான் வரச் சொன்னேன். பத்து நாள்ல நாலு நாள்தான் வேலைக்குப் போக முடிஞ்சது. மொதலாளி வேற ஆளப் போட்டுட்டாரு."

"இத அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"அண்ணன் நின்னுச்சே. அதுக்குத் தெரியும் சார். என் வாயால கேட்டா, போகாதன்னு சொல்லணும்ல? சொல்லாத வரைக்கும் தெரியாத மாதிரி இருந்துக்கிடுச்சு. இப்ப மூலையில உக்காந்திருக்கேன். அண்ணி சோறு போடும்போது தட்டு வைக்கிற சத்தத்துலயே தெரியுது சார், எம்புட்டு நாளைக்குன்னு."

அறிக்கை ரகசியம். அதில் என்ன இருக்கிறது என்று நான் வெளியே சொல்லக் கூடாது. அந்த விதிக்குப் பின்னால் நான் நன்றாக ஒளிந்துகொண்டேன். அந்த மாதம் தேவசகாயம் வந்தபோது மட்டும் விசயத்தைச் சொன்னேன். வெந்நீரை ஊற்றியபடி கேட்டார்.

"அறிக்கைல பொய் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ ஃபைல்ல வை."

அன்றைக்கு அந்த வெந்நீரை அவர் குடிக்கவில்லை. மூடியிலேயே ஆறிப்போய் இருந்தது.

ஒரு வருடம் சொச்சம் கழித்து மாரியப்பன் வெளியே வந்தான். நன்னடத்தைக்காகத் தண்டனையில் கழிவு கிடைத்ததாம். எனக்கு ஒரு நப்பாசை. இவனைக் கண்டு பேசி, பாக்கியத்தைப் பழையபடி கூட்டிப் போகச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இராஜபாளையத்தில் வேறொரு ஷெட்டில் சேர்ந்திருந்தான். சாப்பாட்டு நேரத்தில் வெளியே கூப்பிட்டேன். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தான். பேச்சில் ஒரு நிதானம் வந்திருந்தது. கோபக்காரன் என்று இப்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

"உள்ளயும் தறிதான் சார் குடுத்தாவ. ஒரு கஷ்டமும் இல்ல" என்றான்.

"பாக்கியத்தைப் பாத்தியா?"

"எதுக்கு சார் பாக்கணும்?"

அவன் கேட்டது திமிரில் இல்லை. உண்மையாகவே காரணம் தெரியாமல் கேட்டான்.

"முன்ன தெனம் கூட்டிட்டுப் போனியே."

"அப்ப மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டே கெடந்துச்சு சார். கண்ண மூடுனா அது அலறுன சத்தம்தான். சோறு எறங்காது. அது வரச் சொல்லுச்சு, போனேன். தீர்ப்புச் சொன்ன அன்னைக்குத்தான் நல்லாத் தூங்குனேன். தப்பு பண்ணேன், தண்டனை குடுத்தாவ, அனுபவிச்சு முடிச்சிட்டேன். பொறவு என்ன சார்? அது பாடு அதுக்கு, என் பாடு எனக்கு."

திருந்தினவனிடம் இதற்குமேல் என்ன கேட்பது? அதன் பிறகு அவன் யாரையும் அடித்ததாக நான் கேள்விப்படவில்லை. பதிவேட்டைப் பார்த்தால் சிறை இவனிடம் நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆனால் என் கண் முன்னால் நின்றவன், உள்ளே போவதற்கு முன் பாலத்து மேட்டில் நின்று மிதித்த அந்த ஆள் இல்லை. அவனுக்கு அவளிடம் ஒரு கடமை இருந்தது. அதைச் சிறை கழுவி விட்டிருந்தது. இதையும் நான் முழுசாக நம்பவில்லை. சிறைக்கே போகாமல் இருந்திருந்தால்கூட, ஒரு கல்யாணம் ஆனதும் அந்தக் கேரியரில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கலாம். யார் கண்டது? அதைப் பார்க்க விடாமல் செய்தவன் நான்.

அங்கிருந்து நேராகச் செட்டியார்பட்டிக்குப் போனேன். செல்லையாவிடம் சைக்கிள் எடுத்தேன். முனியாண்டி மில்லுக்குப் போயிருந்தான், அண்ணி குழாயடிக்குப் போயிருந்தாள். பாக்கியம் அதே கதவோரத்தில் உட்கார்ந்திருந்தாள். விதியாவது ஒன்றாவது என்று அறிக்கையில் நான் எழுதிய மூன்று வரிகளையும் அவளிடம் ஒப்பித்தேன். மாரியப்பன் சொன்னதையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப எங்கள ரோட்டுல பாத்தியளா?"

"பாத்தேம்மா."

"எம்புட்டு தூரத்துல நின்னிய?"

"ஆறடி இருக்கும்."

"ஆறடி" என்றாள். கையை முன்னால் நீட்டி மடக்கினாள். பிறகு சொன்னாள்.

"நீங்கல்லாம் நான் அவனுக்குப் பாவம் பாத்தேன்னு நெனைக்கிய. பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் ஆஸ்பத்திரிலேருந்து வந்ததும் இந்த வாசல்ல வந்து நின்னு அழுதான். அழாத, நாளைக்கு எட்டு மணிக்குச் சைக்கிள எடுத்துட்டு வான்னேன். அந்தப் பாலத்து மேட்டுல அவனுக்கு மூச்சு இரைக்கும் சார். நான் பின்னால உக்காந்து அதக் கேட்டுக்கிட்டே போவேன். என்னால அவனப் பாக்க முடியாது, ஆனா அவன் படுறது காதுல விழும். அது தெனம் எனக்கு வேணும். சாகுற வரைக்கும் மிதிக்க வச்சிருப்பேன். அதான் சார் நான் அவனுக்குக் குடுத்த தண்டனை. அதப் புடுங்கிட்டு ஜெயிலக் குடுத்துட்டியள. அவன் அங்க போயித் தூங்குனானாம்."

இத்தனை வருடச் சந்தேகத்தில் இது ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளை யாரோ வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன், மிரட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவளே ஒரு நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்கவில்லை.

"நீங்க எதுல வந்திய?" என்றாள் திடீரென்று.

"சைக்கிள்லதான்."

"கேரியர் இருக்கா?"

இருந்தது. ஷெட்டுக்குப் போய் முதலாளியிடம் உன் வேலையை நானே கேட்கிறேன் என்றேன். அவள் கேட்டது அதுவா என்று எனக்கு இன்றும் உறுதியில்லை. தட்டுத்தடுமாறி வந்து ஏறினாள். என் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. செல்லையா கடையைத் தாண்டும்போது அவர் டயரை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு, சைக்கிள் வாடகை சைக்கிள், மேடு மேடுதான். பாதியிலேயே இரைக்க ஆரம்பித்தது. இறங்கித் தள்ளலாமா என்று நினைத்தேன். பின்னால் அவள் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டு வருகிறாள் என்று தோன்றியது. இறங்கவில்லை, மிதித்தேன்.

முதலாளி தங்கமான மனுசன்தான். "வேல இருக்கு சார். கூட்டிட்டு வர ஆள் இருந்தா நாளைக்கே வரட்டும்" என்றார்.

திரும்பக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டேன். நிலைக்கதவைத் தடவிப் பிடித்துக்கொண்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நாளைக்கு எட்டு மணிக்கு சார்?"

"சரிம்மா" என்றேன்.

மறுநாள் எட்டு மணிக்கு அவள் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றிருப்பாள். எனக்கு வத்திராயிருப்பில் ஒரு விசாரணை இருந்தது. பஸ் ஏறிப் போய்விட்டேன்.